வேலியோரக் கூட்டாளிக்கு

இன்று காலை தண்ணீர் லோரி என் அறைக்கு வெளியே போனது. வெயிலில் காய்ந்து கிடந்த சாலையில் தண்ணீர் விழுந்ததும் கல்தூசி நனைந்து எழும் அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. மழை வாசனை மாதிரியேதான் இருக்கும், ஆனால் கொஞ்சம் தொண்டையைக் கமறும். உனக்கு அது பிடிக்கும். "என் லோரி வருது பாரு" என்பாய். உன் லோரிதான், யார் இல்லை என்றது? கல் ஏற்றிப்போகிற வண்டிகள் கிளப்புகிற தூசியில் துவைத்த துணியை எங்கே காயப்போடுவது என்று கேட்டு, ஒரு வாளி ஈரத்துணியைக் கொண்டுவந்து பழைய மானேஜரின் மேசை மேல் வைத்தாயே, அதற்குப் பிறகு வந்த லோரி.

வாசனை வந்ததும் எழுந்து வெளியே போனேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்தேன். போட்ட கோப்பி அப்படியே ஆறிப்போய்விட்டது. எனக்கு இன்று இருப்புக் கொள்ளவில்லை. மதியம் மானேஜருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் யாரிடமாவது பேசிவிட வேண்டும் போல் இருக்கிறது, பேசுவதற்கு நீதான் இல்லையே. அதனால் எழுதுகிறேன். செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்கு இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான். கல்மலையின் இந்தப் பக்கத்தில் கல் தீர்ந்துகொண்டு வருகிறது. கம்பெனி இனிமேல் கிழக்குப் பக்கம் வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறது. கிழக்கே என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கம்பெனி வேலி. வேலியை ஒட்டி நம் தோட்டத்து இடுகாடு. அதைத் தாண்டினால் லயத்து வீடுகள், நாம் பிறந்த அதே வரிசை வீடுகள். வேலியோரமாக இடுகாட்டின் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கிறது, அதைக் கொடுக்கத் தோட்ட நிர்வாகம் தயார். அந்தத் துண்டு கைக்கு வந்தால் போதும், கல் உடைக்க வைக்கிற வெடி லயத்தின் முதுகுக்கே வந்துவிடும். வரவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கல்லறை. அது உன்னுடையது. உன்னை அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்க உன் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அதைக் கேட்டு வாங்கி வரும்படி என்னைத்தான் அனுப்பினார்கள். நேற்று போனேன்.

நேற்று என்ன நடந்தது என்பதை உடனே எழுத முடியவில்லை. மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. சுற்றித்தான் வர வேண்டும்.

நீயும் நானும் ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். நீ தோட்டத்திலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாய். நான் சுங்கைப் பட்டாணிக்குப் போய்த் தொழிற்சாலை வேலை, அப்புறம் ஆபீஸ் வேலை என்று அலைந்து, கடைசியில் நம் தோட்டத்துக்குப் பின்னாலேயே இருக்கிற கல்மலைக் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாக வந்து சேர்ந்தேன். சேதி கேட்டு நீ வாழ்த்தவில்லை. "மக்கள் நாங்க. தொடர்பு நீயாடி?" என்றாய். அந்தக் கோபத்தில் கொஞ்ச நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன்.

அந்த வேலை என்ன என்று இன்றுவரை யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. வெடிச் சத்தத்தில் தொட்டில் பிள்ளை எழுந்துவிட்டால் எனக்குப் போன் வரும். சுவரில் விரிசல் விட்டால் எனக்குப் போன் வரும். லோரிக்காரன் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வேகமாகப் போனாலும் எனக்குத்தான். ஆபீஸில் எல்லாரும் "உங்க ஆளுங்க" என்பார்கள். தோட்டத்தில் எல்லாரும் "உங்க கம்பெனி" என்பார்கள். எனக்கென்று ஒரு பக்கம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருந்தது.

கம்பெனி வைத்த முதல் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? சுங்கைப் பட்டாணியில் ஒரு ஹோட்டலில், குளிர்சாதன அறையில், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகளோடு. தோட்டத்திலிருந்து வர பஸ் வேறு ஏற்பாடு செய்திருந்தார்கள். பஸ்ஸில் இருந்து நீ மட்டும் இறங்கினாய். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், செம்பனைக் குலை வெட்டுகிற நேரத்தில் யார் ஹோட்டலுக்கு வருவார்? நீ நிதானமாக உட்கார்ந்து, வைத்திருந்த கறிபாப் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, பழைய மானேஜரிடம் மலாயில் சொன்னாய்: ஆள் வேண்டுமென்றால் ஆள் இருக்கிற இடத்துக்கு வாருங்கள். மீதியிருந்த கறிபாப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிப் போனாய். எனக்கு அன்று மானம் போயிற்று. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த கூட்டத்தை நீ முனியாண்டி கோயில் வளாகத்தில் வைத்தாய். சாயங்காலம், எல்லாரும் குளித்துப் பசியாறிய பிறகு. கோயில் என்பதால் காலில் போட்டிருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பழைய மானேஜர், பினாங்கிலிருந்து வந்த அந்தச் சீனர், முழங்கால் வரைக்கும் ஏறுகிற பாதுகாப்பு பூட்ஸோடு வந்து நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாடாவை அவிழ்த்து, இழுத்து இழுத்துக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. மனிதர் வெட்கப்பட்டுப் போய்ப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு ஜனங்கள் கேட்டது போன்ற கேள்விகள் வந்தால் எங்கள் ஆபீஸ் ஆட்கள் வழக்கமாகப் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அவர் கடைசிவரை இருந்தார். வெடி வைக்கிற நேரத்தைப் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் மாற்றிக்கொள்ள அன்றுதான் ஒப்புக்கொண்டார். திரும்பி வரும்போது, கோயிலில் ஏன் வைத்தாய், சமூக மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்று உன்னைக் கேட்டேன். "செருப்பைக் கழட்டிட்டு உக்காந்தவன் டக்குனு எந்திரிச்சுப் போக முடியாதுடி" என்றாய். எனக்கு ஆபீஸில் எத்தனையோ பயிற்சிகளுக்கு அனுப்பினார்கள். இதை எவரும் சொல்லித்தரவில்லை.

அதே கோயிலில்தான் கூரைக் கூத்தும் நடந்தது. நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. பழைய மானேஜருக்கு ஜனங்களுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று ஆசை. கூட்டத்துக்கு வந்தபோது, சாமி வெயிலிலும் மழையிலும் நிற்பதைப் பார்த்திருக்கிறார். பாவம் என்று தோன்றியிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தைப்பூசத்தன்று தோட்டமே சுங்கைப் பட்டாணிக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆட்களை விட்டு, இரும்புத் தூண் நட்டு, பளபளவென்று ஒரு தகரக் கூரையை முனியாண்டிக்கு மேலே போட்டுவிட்டார். திடீர்ப் பரிசு. காவடி எடுத்தவர்களும் மொட்டை போட்டவர்களும் சந்தனத் தலையோடு லோரியில் இருந்து இறங்கிப் பார்த்தால், வானம் பார்த்துக் காவல் நிற்கிற சாமியை யாரோ கொட்டகைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் போன் மேல் போன். ஒருவர், தோட்டத்துக்கு இனி ஆகாது என்றார். இன்னொருவர், கல்மலையில் கல் சரியும் பார் என்றார். நான் ஓடி வந்தபோது நீ கோயில் முன்னால் புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். மானேஜர் முகம் வெளுத்துப்போய் நின்றார். நீ எழுந்து அவரிடம் போய், துவான், சாமி உங்களிடம் குடை கேட்டாரா என்றாய். பிறகு கோபமாக நின்றவர்கள் பக்கம் திரும்பி, கேட்காமல் செய்தது தப்புதான், ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, கூரையைப் பிரித்துப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் போட்டுவிடலாம் என்றாய். அவ்வளவுதான். சண்டை முடிந்தது. பிள்ளைகள் இன்னும் அதன் கீழேதான் நிற்கிறார்கள். அன்றிலிருந்து பழைய மானேஜர் எதையும் உன்னைக் கேட்காமல் செய்ததில்லை. என்னைக் கேட்காமல் நிறையச் செய்தார்.

உன்னைப் பற்றித் தோட்டத்தில் எல்லாரும் நல்லபடியாகவா பேசினார்கள்? கம்பெனிக்காரியோடு சனிக்கிழமையானால் பீடோங் கடைத்தெருவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறாள், இவள் எப்படி நமக்குப் பேசுவாள் என்று கோயில் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து கேட்டார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நீ கோபப்படவே இல்லை. "ஆமா, கூட்டாளிதான். அதனாலதான் அவ பொய் சொன்னா எனக்கு மொதல்ல தெரியும்" என்றாய். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். அன்றிலிருந்து தோட்டத்தில் நான் சொல்வதை ஜனங்கள் நம்ப ஆரம்பித்தார்கள், நீ உடனிருந்து மறுக்காதவரை. ஆபீஸிலும் இதே கதைதான். உள்ளே பேசுவதையெல்லாம் நான் உன்னிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறேன் என்றார்கள். நீ என்னிடம் ஒருநாளும் அப்படி எதையும் கேட்டதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்?

பீடோங்கில் பாய் கடையில் நமக்கு ஒரு சட்டம் இருந்தது. மேசையில் உட்கார்ந்துவிட்டால் கல்மலைப் பேச்சு கூடாது. ரொட்டி சானாய், நுரை பொங்கும் தே தாரேக், யார் வீட்டில் கல்யாணம், யார் மகள் யாரோடு ஓடினாள், அவ்வளவுதான். சட்டம் போட்டவள் நீ. மீறுகிறவளும் நீ. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே, நேற்றைக்கு வைத்த வெடி கொஞ்சம் பெரிசு லா, என்பாய். நான் முறைப்பேன். கடைக்காரர் அங்கிருந்தே, அக்கா ரெண்டு பேரும் சண்டை போடுறதுக்கு முன்னாடி சாப்பிட்டுடுங்க என்பார். அவருக்கு நம் இருவரையும் பார்த்தால் ஒரே தமாஷ். இப்போது சனிக்கிழமை நான் பீடோங் பக்கம் போவதில்லை. சாமான் வாங்கப் பாசாருக்குப் போக வேண்டுமென்றால் சுற்றி வேறு வழியாகப் போகிறேன்.

உனக்கு உடம்புக்கு வந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான் ஓட்டுகிற காடியில்தான். கல் ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் மெதுவாகப் போவோம். நீ முன்சீட்டில் துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அப்போதும் உன் கண் கல்மலை மேலேயே இருக்கும். ஒருநாள், "உங்க கம்பெனி கெழக்கால வருமாடி?" என்று கேட்டாய். அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை. ஆபீஸில் ஒருவர்கூட கிழக்கு என்ற வார்த்தையை எடுக்கவில்லை. நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். நான் பொய் சொல்லவில்லை என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியும், "வரும்" என்றாய். கல் போகிற பக்கம்தான் வண்டி போகும் என்றாய். பிறகு தூங்கிவிட்டாய், அல்லது தூங்குவது போல் இருந்தாய்.

நீ போன அன்று நடந்தது எனக்கு ஒன்றும் சரியாக நினைவில்லை. அழுதுகொண்டே இருந்தேன். ஒன்றிரண்டு மட்டும் தனித்தனியாக மனதில் நிற்கிறது. உங்கள் குடும்பத்தில் யாரையும் புதைப்பதில்லை, சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவதுதான் வழக்கம். ஜித்ராவில் இருந்து ஓடிவந்த உன் மகள்கூட, அம்மாவை ஏன் புதைக்கிறோம் என்று கேட்டாள். அவள் அப்பா வேலிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு நடந்தார். அப்புறம், குழி தோண்டுவதற்கு அத்தனை நேரம் ஆயிற்று. வேலியோரத்தில் மண்ணே கிடையாது, ஒரு சாண் தோண்டினால் பாறை. அதனால்தான் அங்கே எந்தக் காலத்திலும் யாரையும் புதைத்ததில்லை. கடைசியில் கல்மலையில் வேலை செய்கிற நம் தோட்டத்துப் பையன்கள் கடப்பாரையும் சம்மட்டியும் எடுத்துவந்து உடைத்துத்தான் உன்னை உள்ளே இறக்கினார்கள். நல்ல மண் அத்தனை இருக்கும்போது இந்த மனிதர் ஏன் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கேட்கவில்லை. பெண்டாட்டியை இழந்தவரிடம் அதையா கேட்பது?

பழைய மானேஜர் ஓய்வு பெற்றுப் போனார். புது மானேஜர் கோலாலம்பூரில் இருந்து வந்தவர், தமிழர், இளைஞர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிழக்குப் பக்கம் கிடைக்காவிட்டால் கல்மலையை மூட வேண்டி வரும், நம் பையன்கள் இத்தனை பேர் லோரி ஓட்டுகிறார்கள், மெஷின் ஓட்டுகிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். அதுவும் உண்மைதான். நான் அந்தப் பையன்களின் அம்மாக்களோடு பழகுகிறவள். வெடி லயத்துக்குப் பின்னால் வந்தால் வீட்டுச் சுவர் நிற்காதே என்றேன். பார்த்துச் செய்யலாம் என்றார். இந்த வேலையில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான். நானே அதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன். "ஒரே ஒரு கல்லறைதானே அக்கா. எல்லாச் சடங்கும் முறையா செஞ்சிடலாம். நீங்க கேட்டா அந்த வீட்டுல இல்லன்னு சொல்ல மாட்டாங்க" என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பகீர் என்றது அந்தக் கடைசி வாக்கியம்தான். அது சத்தியமான உண்மை.

உன் வீட்டுக்காரரைத்தான் ஊருக்கே தெரியுமே. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். மோட்டாரை ஒருவன் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராவிட்டாலும், பாவம் அவனுக்கு அவசரம் என்று நடந்து போவார். நீ இருந்தவரை வீட்டில் இல்லை என்று சொல்கிற வேலையை நீ பார்த்துக்கொண்டாய். இப்போது அந்த வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

நேற்று பின்னேரம் போனேன். வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பசியாறிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டார். நான் உன் நாற்காலியில் உட்காரவில்லை. எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்தேன். கையெழுத்து வாங்க வேண்டிய தாள் என் பையில் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மகளைப் பற்றி விசாரித்தேன். ஜித்ராவில் நல்லா இருக்கா என்றார். வெயிலைப் பற்றிப் பேசினேன். அவரும் பேசினார். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் திடீரென்று. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபக்காரர்களோடு பேசித்தான் எனக்குப் பழக்கம்.

"அவ சொல்லிட்டுத்தான் போனா. என்னை எரிச்சிடாதீங்க, வேலியோரமா பொதைங்கன்னா. அங்க பாறையா இருக்கேன்னேன். இருக்கட்டும்னா. கம்பெனிக்காரங்க அந்தப் பக்கம் வருவாங்க, கேக்குறதுக்கு என் கூட்டாளியத்தான் அனுப்புவாங்கன்னா."

நீ ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வரும்போது காடியில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு இதுதானா? என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்?

அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அனுப்பினா நான் என்ன பண்றதுன்னு கேட்டேன். அவ வாயால கேட்டா குடுத்துடுங்க, கூட்டாளி கேட்டு இல்லன்னு சொல்லக் கூடாதுன்னா." கோப்பையை என் கையில் கொடுத்தார். "ஆனா, அவ கேக்க மாட்டான்னு சொன்னா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கோழி கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பேனா எங்கேம்மா என்றுதான் கேட்டிருப்பார். பை என் மடியில் கனத்தது. தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தேன். "சீனி பத்தலண்ணே" என்றேன். அழுதுவிட்டேன். அவர் எழுந்து போய்ச் சீனி டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். குடித்து முடித்தேன். போயிட்டு வரேண்ணே என்று எழுந்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் வழியில் இடுகாட்டுப் பக்கம் காடியை நிறுத்தினேன். இறங்கவில்லை. உன்மேல் அத்தனை கோபம். இவ்வளவு பெரிய சுமையை ஒரு கூட்டாளி தலையில் வைத்துவிட்டுப் போவாளா ஒருத்தி? நீ உயிரோடு இருந்தபோது நம் சண்டையில் உனக்கு உன் பக்கம் இருந்தது, எனக்கு என் சம்பளம் இருந்தது. இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, நியாயமாகச் சண்டை போட்டோம். இப்போது நீ சத்தம் போடாமல் போய்ப் படுத்துக்கொண்டு, உன் சண்டையையும் என்னைப் போடச் சொல்கிறாய். நான் கேட்க மாட்டேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே! பையில் தாளை வைத்துக்கொண்டு, கேட்பதற்கென்றுதான் நான் அந்த வீட்டுப் படி ஏறினேன்.

காடியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் யோசித்தேன், அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். என்னை இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அப்படி நம்பியதில்லை. கம்பெனி நம்பியதில்லை, தோட்டம் நம்பியதில்லை, கட்டிக்கொண்டவர்கூட அந்த அளவுக்கு நம்பியதாகச் சொல்ல முடியாது. நீ உன் எலும்பையே வைத்து நம்பியிருக்கிறாய். அழுதேன். கோபமும் அப்படியே இருந்தது.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பேனாவை வைத்துவிட்டுப் போனேன். இப்போதுதான் திரும்பி வந்து உட்கார்கிறேன்.

அவர் ரொம்ப மரியாதையாக, உட்காருங்கக்கா என்றார். அந்த வீட்டில் கேட்டீர்களா என்று விசாரித்தார். "கேக்கல. கேக்கவும் மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஏன் என்றார். லயத்துக்குப் பின்னால் வெடி வைக்கக்கூடாது என்பதுதான் காரணம், கல்லறை அதற்குப் பிறகு என்றேன். மேற்குப் பக்கச் சரிவில் இன்னும் கல் இருக்கிறது, செலவு கூடும், ஆனால் இருக்கிறது, பையன்கள் வேலை போகாது, அதைப் பாருங்கள், தலைமை ஆபீஸுக்கு எழுதுங்கள், நானும் கூட வந்து பேசுகிறேன் என்றேன். மேற்குப் பக்கத்தை ஏற்கெனவே வேண்டாம் என்றுவிட்டார்கள் அக்கா, நான் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன், அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாரையாவது அந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள் என்றார். அந்த வீட்டோடு பேசுவது என் வேலை, நான் இருக்கிறவரைக்கும் வேறு ஆளை அனுப்ப முடியாது, தோட்டத்து வீடுகளோடு மக்கள் தொடர்பு அதிகாரிதான் பேச வேண்டும் என்பது கம்பெனியே போட்ட விதி என்றேன். அவருக்கும் அது தெரியும். யோசிக்கிறேன் அக்கா என்றார். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

அறைக்கு வந்ததும் முதலில் ஒரு காரியம் செய்தேன். ராஜினாமா எழுதத் தாளை எடுத்தேன். முகத்தில் வீசிவிட்டுப் போய்விட வேண்டும், பீடோங்கில் போய்ச் சத்தமாக உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட வேண்டும், அப்படி ஒரு வேகம். ஊரும் அதைத்தான் எதிர்பார்க்கும். அவள் கூட்டாளிக்காக வேலையை விட்டாள் என்று நாலு பேர் பெருமையாகச் சொல்வார்கள். பெயரை எழுதினேன், தேதி போட்டேன், அதோடு நிறுத்திவிட்டேன்.

நான் போனால் இந்த நாற்காலிக்கு வேறு ஒருவர் வருவார். நல்லவராகவே இருப்பார். உன் வீட்டுக்குப் போவார், தேத்தண்ணி குடிப்பார், கேட்பார். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் கையெழுத்துப் போட்டுவிடுவார். இதையும் நீ யோசித்துத்தான் வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

எனவே தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலையும் வேலைக்கு வருவேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வாசலைத் தாண்டி உள்ளே போவேன். விரிசல் விட்ட வீட்டைப் போய்ப் பார்ப்பேன், லோரிக்காரர்களைத் திட்டுவேன், தோட்டத்தில் என்னைக் கம்பெனிக்காரி என்பார்கள், கேட்டுக்கொள்வேன். அவர்களாகப் பிடித்துத் தூக்கி வெளியே போடும்வரை, ஒவ்வொரு நாளும் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து, உன் வீட்டுக்காரரிடம் அதைக் கேட்காமல் இருப்பேன்.